முன்னுக்கு ஒரு டயர், பின்னுக்கு ஒரு டயர்: மலை ஏறும் வண்டிக்குக் கலந்து போடலாமா?

மே 31, இரவு 10.15. கேள்வி, கூடலூரிலிருந்து (தேனி)

அண்ணே, என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. பின் டயர் மொட்டை ஆயிடுச்சு. முன் டயர்ல இன்னும் பட்டன் (மேல துருத்தி நிக்கிற ரப்பர் கட்டை) இருக்கு. லோயர் கேம்ப் ஏறி தினமும் குமுளி போய் வரணும். ஞாயித்துக்கிழமை ஏலத்தோட்டத்து ஜீப் ரோடு. முன்னாடி கான்டினென்டல் டி.கே.சி. 80 மாதிரி முழு பட்டன் டயரும் பின்னாடி ரோட்டு டயரும் போடலாம்னு இருக்கேன். டயர் கடையில "ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கணும், இல்லேன்னா வண்டி ஆடும்"ங்கிறாங்க. நெசமா?

ஜூன் 1, காலை 6.50

தம்பி, கம்பெனி பெயர் வேறாக இருப்பதால் எந்த வண்டியும் ஆடாது. ஆட வைப்பவை மூன்று: அளவு, உள்கட்டு, முதுகு வளைவு. ஒரே மாடல் ஜோடியில் இந்த மூன்றையும் டயர் கம்பெனியே பொருத்திப் பார்த்துவிடுகிறது. அதனால் கடைக்காரர் சொன்னது பயந்து சொன்னதில்லை, அனுபவத்தில் சொன்னது. கலந்து போட்டால் அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்கட்டு என்றால் கடையில் நைலான், ரேடியல் என்று பிரித்துச் சொல்வார்களே, அது. டயரின் பக்கவாட்டில் அளவைப் படித்தாலே தெரியும். 120/90-17 என்று 17க்கு முன் வெறும் கோடு இருந்தால் நைலான். கோட்டுக்குப் பதில் ஆங்கில ‘ஆர்’ இருந்தால் ரேடியல். ‘பி’ (B) இருந்தால் நைலானுக்கு மேல் பெல்ட் சுற்றிய வகை. நைலான் டயரின் பக்கச்சுவர் தடிமன். கல்லில் அடிபட்டாலும் தாங்கும், ஆனால் சூடு ஏறும். ரேடியலின் பக்கச்சுவர் இளகியது, தார் ரோட்டில் நன்றாகப் படியும். முன்னால் நைலான், பின்னால் ரேடியல் என்று கம்பெனியிலிருந்தே வரும் வண்டிகள் உண்டு. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் மட்டும் வேண்டாம். முன் சக்கரம் உடனே திரும்பும், பின் சக்கரம் தயங்கித் தயங்கிப் பின்தொடரும். வேகத்தில் வால் அசையும். கடைக்காரர் ‘ஆடும்’ என்று சொல்வது இதையாகத்தான் இருக்கும்.

முதுகு வளைவு: டயரை நேர் எதிரில் வைத்துப் பார்த்தால் ஒன்று கூரை போல் கூம்பியிருக்கும், இன்னொன்று பானை போல் உருண்டிருக்கும். கூம்பிய முன் டயர் சட்டென்று சாயும். தட்டையான பின் டயர் சாய மறுக்கும். இரண்டும் ஒரே வண்டியில் இருந்தால் கொண்டை ஊசி வளைவில் பாதி சாய்ந்த இடத்தில் வண்டி ஒரு கணம் நின்று, பிறகு மளுக்கென்று உள்ளே விழும். வாங்கும்முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, முதுகைக் கையால் தடவிப் பாருங்கள். கைக்குத் தெரியும்.

பட்டன் பெரிதா சிறிதா என்பது இந்த மூன்றுக்கும் அப்புறம்தான். அதில் என் கணக்கு: முன்னுக்கு முரட்டு டயர், பின்னுக்கு அதைவிட ஒரு படி சாது. பின் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைக் குறைத்து மீட்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் மீட்க நேரம் இருக்காது. அதோடு, என்ஜின் இழுப்பு முழுவதும் பின் டயரில்தான். அங்கே மென்மையான பட்டன் போட்டால் பணம் ரோட்டோடு தேய்ந்து போகும்.

ஜூன் 1, இரவு 9.30

காலையில் அளவு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். உங்கள் வண்டிக்கு முன் 90/90-21, பின் 120/90-17. அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். முன்னுக்கு 54, பின்னுக்கு 64 என்று இருக்கும். அது சுமைக் குறியீடு. 54 என்றால் 212 கிலோ, 57 என்றால் 230, 64 என்றால் 280, 65 என்றால் 290 கிலோ. கூட வரும் எழுத்து வேக வரம்பு: பி (P) என்றால் மணிக்கு 150, க்யூ 160, எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ.

இது எதற்கு என்றால், பின் டயரில் சிலர் விலை குறைவு என்று சுமை குறைந்ததை எடுத்துவிடுகிறார்கள். கணக்குப் போடுங்கள். வண்டி 199 கிலோ, ஓட்டுபவர் 75, பின்னால் உட்காருபவர் 65, பெட்டியில் 20. மொத்தம் 359. பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டுக்கு மேல் பின் சக்கரத்துக்கு வரும். 220, 225 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 போட்டால் குழியில் இறங்கும் அடிக்கும் இடம் இருக்கிறது. 57 போட்டால் இல்லை.

ஜூன் 3, மதியம்

வண்டிப்பெரியாரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "தோட்டத்துக்குள் ஏற்றம் ஏற முடியாமல் பின் சக்கரம்தான் சுற்றுகிறது. அப்படியானால் பின்னுக்குத்தானே பட்டன் போட வேண்டும்?"

அவருக்கு அதுதான் சரி. தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் செம்மண் நனைந்து பசை போல் ஆகிவிடும். ரோட்டு டயரின் பள்ளத்தில் அந்த மண் அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பான உருளை ஆகிவிடும். பட்டனுக்கு இடையே அகலமான இடைவெளி இருந்தால் சக்கரம் சுற்றும் வேகத்தில் மண் தெறித்து வெளியே போகும், அடுத்த சுற்றில் பட்டன் மறுபடி மண்ணைக் கடிக்கும். தினமும் தோட்டத்துக்குள் ஏறுபவர், தார் ரோட்டில் நாளுக்கு நாலைந்து கி.மீ. மட்டுமே போகிறவர், பின்னுக்கு முழு பட்டன், முன்னுக்கு நடுத்தரம் என்று போடலாம். ஆனால் இறக்கத்தில் வேறு கதை. இறங்கும்போது எடை முன்னுக்கு வரும். பிடிப்பு இல்லாத முன் சக்கரம் சேற்றில் திரும்பாது, நேராகப் போகும். ஏறிய வழியே இறங்க வேண்டியவர் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 6, காலை. ஒரு திருத்தம்

முதல் நாள் ‘முன்னுக்கு முரட்டு’ என்று எழுதியதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. தென்மேற்கு மழை இறங்கிவிட்டது. கேட்ட தம்பி தினமும் போவது குமுளி மலைப்பாதை, தேசிய நெடுஞ்சாலை 183. முழுக்கத் தார். போடிமெட்டு ஏறி பூப்பாறை, மூணாறு போகிறவர்களுக்கு 85. அதுவும் தார். ஈரத் தாரில் முன் டயர் செய்ய வேண்டிய வேலை வேறு.

இறுக்கிப் பிரேக் பிடித்தால் வண்டி எடையில் முக்கால்வாசி முன்னுக்கு ஓடிவரும். அந்தச் சுமையைத் தாங்க முழு பட்டன் டயரில் தரையைத் தொடும் ரப்பர் ரோட்டு டயரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதுவும் தனித்தனிக் கட்டையாக நிற்பதால் ஒவ்வொன்றும் வேரிலிருந்து வளையும். பிரேக் பிடித்ததும் முன் சக்கரம் லேசாக நெளிவது போல் கைப்பிடியில் தெரிவது இதுதான். காய்ந்த ரோட்டில் அந்த நெளிவு ஒரு எச்சரிக்கை. ஈரத்தில் எச்சரிக்கைக்கும் வழுக்கலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது.

"பட்டனுக்கு நடுவே தண்ணீர் வடிந்துவிடுமே" என்று நினைக்கத் தோன்றும். மலையில் போகிற 30, 40 கி.மீ. வேகத்தில் குறுகிய பைக் டயருக்குத் தண்ணீர் வடிவது பெரிய பிரச்சினையே இல்லை. உருண்டை முதுகு தண்ணீரை வெட்டிக்கொண்டு போய்விடும். வழுக்க வைப்பவை வேறு: டேங்க் நிரப்பிய லாரி வளைவில் திரும்பும்போது சிந்தும் டீசல், மர நிழலில் ரோட்டு ஓரம் பிடித்திருக்கும் பாசி, வெள்ளைக் கோடு, ஜீப் சக்கரங்கள் ஏலத்தோட்டத்திலிருந்து தாருக்கு இழுத்து வரும் சேறு. இவற்றில் காப்பாற்றுவது ரப்பரின் தன்மையும், தொடும் பரப்பும்.

ஆக, என் கணக்கை இப்படி மாற்றுகிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மழை மாதத்தில் தார் ரோடு அதிகம் என்றால் முன்னுக்கு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர்தான் முதல் தேவை. முரட்டு டயர் ஆசை இருந்தால் மழைக்குப் பிறகு.

ஜூன் 6, மாலை

‘படி’ என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். விற்பவர்கள் ரோட்டுக்கு இத்தனை, மண்ணுக்கு இத்தனை என்று 90/10, 80/20, 50/50 என எழுதுகிறார்களே, அதுதான் படி. மெட்சலர் டூரன்ஸ் 90/10 பக்கம். மிஷெலின் அனகீ அட்வென்ச்சர் 80/20. மிடாஸ் இ-07, அனகீ வைல்ட் 50/50. டி.கே.சி. 80 அதற்கும் சற்று அந்தப் பக்கம். இதற்குப் பொதுவான சோதனை எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்கிற மதிப்பெண். இ-07 பின் டயரையும் டி.கே.சி. 80 பின் டயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இ-07இல் நடுவே கட்டைகள் நீளமாக, நெருக்கமாக இருக்கும். டி.கே.சி.யில் சதுரமாக, தள்ளித் தள்ளி. முன்னது ரொம்ப நாள் உழைக்கும், பின்னது சேற்றில் கடிக்கும். அதனால் மதிப்பெண்ணை நம்பாமல் கட்டைக்கு நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாக நுழைந்தால் அது பட்டன் டயர்.

‘எம் பிளஸ் எஸ்’ என்று பக்கத்தில் போட்டிருப்பதை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள். சேறு, பனி என்று பொருள். சாதுவான டயரிலும் இருக்கும்.

ஜூன் 9

கே.டி.எம். 390 அட்வென்ச்சர் பழைய மாடல் வைத்திருக்கும் நண்பர், பின்னுக்கு 130/80-17க்குப் பதில் 140/80-17, முன்னுக்கு 100/90-19க்குப் பதில் 110/80-19 போடலாமா என்கிறார்.

விட்டத்தைக் கணக்கிடலாம். ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்குங்கள். அதோடு டயர் உயரத்தை இரண்டு மடங்காகக் கூட்டுங்கள். முதல் எண் அகலம் (மி.மீ.), உயரம் என்பது அதில் இரண்டாவது எண் சொல்லும் விழுக்காடு. 130/80-17: 431.8 கூட்டல் 208, ஏறக்குறைய 640 மி.மீ. 140/80-17: 431.8 கூட்டல் 224, 656 மி.மீ. பின்பக்கம் 8 மி.மீ. தூக்கும். முன்னால் 100/90-19 என்றால் 663, 110/80-19 என்றால் 659. முன்பக்கம் 2 மி.மீ. தாழும். பின்னே தூக்கி முன்னே தாழ்ந்தால் ஃபோர்க் கோணம் நிமிரும். வண்டி சீக்கிரம் திரும்பும், வேகத்தில் கொஞ்சம் பதற்றமாக இருக்கும். இவ்வளவும் தாங்கக்கூடியதுதான்.

தாங்காதது வேறு இரண்டு. முதலாவது ரிம் அகலம். ரிம்மிலேயே 17க்குப் பக்கத்தில் அகலம் அச்சிட்டிருக்கும். அகல டயரைக் குறுகிய ரிம்மில் இறுக்கினால் இரு பக்கமும் உள்ளே இழுபட்டு முதுகு கூம்பிவிடும். நடுவில் மெல்லிய கோடாகத்தான் தரையைத் தொடும். 140 போட்டு 120இன் பிடிப்பு வாங்கியது போல் ஆகும். டயர் கம்பெனியின் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் எந்த ரிம் முதல் எந்த ரிம் வரை என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

இரண்டாவது இடைவெளி. செயினுக்கும் டயருக்கும், ஸ்விங் ஆர்முக்கும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) டயருக்கும் நடுவே பட்டன் நுனியிலிருந்து அளந்து குறைந்தது 8 மி.மீ. வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் அந்த இடம்தான் சக்கரத்தைப் பிடிக்கும்.

ஜூன் 9, பத்து நிமிடம் கழித்து

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) பற்றி விட்டுவிட்டேன். மேலே சொன்ன மாற்றத்தில் முன் பின் விட்ட விகிதம் 3 விழுக்காடு நகர்கிறது. ஏ.பி.எஸ்.ஸும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் இரண்டு சக்கரத்தின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் வழுக்கலைக் கண்டுபிடிக்கின்றன. அச்சிட்ட அளவு ஒன்றாக இருந்தாலும் பட்டன் உயரம் கூடினால் உண்மையான சுற்றளவு மாறும். ஆகவே அளந்தே பாருங்கள். சாக்பீஸால் டயரிலும் தரையிலும் ஒரு கோடு. வண்டியில் ஆள் உட்கார்ந்து, சக்கரம் சரியாக ஒரு சுற்று வரும்வரை நேராகத் தள்ள வேண்டும். மறுபடி தரையில் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப். பழைய டயரைக் கழற்றும்முன் ஒரு தடவை, புதிது மாட்டியபின் ஒரு தடவை. முன், பின் விகிதம் 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

அளவு மாற்றுபவர்கள் செக்போஸ்ட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றியது. கேரளப் பக்கம் இதில் கண்டிப்பு அதிகம். அதே அளவில் வேறு கம்பெனி டயர் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

ஜூன் 14

கம்பெனி, மாடல், பட்டன் என்று இவ்வளவு பேசிவிட்டோம். மலையில் அதிகமாகப் பார்க்கும் கலப்பு இது எதுவும் இல்லை. ஒரே மாடல் ஜோடிதான், ஆனால் முன் டயர் புதுசு, பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்தது.

தேனியிலிருந்து மதுரை, திண்டுக்கல் என்று நேர் ரோட்டில் சுமையோடு ஓடினால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரண்டு தோளிலும் விளிம்பு நிற்கும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் உருண்டை போய்ப் பலகை போல் தெரியும். அந்த டயரோடு போடிமெட்டு வளைவில் சாய்ந்தால், அந்த விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு தடை. தாண்டியதும் விழுகை. முன்னால் புதிய உருண்டை டயர் இருந்தால் அந்தத் தடை இன்னும் உறைக்கும். "புது டயர் போட்டேன், வண்டி முன்னைவிட மோசம்" என்று சொல்பவர்களின் பின் டயரை முதலில் பாருங்கள்.

முன் பட்டன் டயருக்கு வேறு வகைத் தேய்மானம். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு விளிம்பு தாழ்ந்து, மறு விளிம்பு தூக்கி, ரம்பப் பல் போல் ஆகும். உள்ளங்கையைச் சுழலும் திசையில் ஓட்டினால் வழுக்கும், எதிர்த் திசையில் ஓட்டினால் கடிக்கும். 50, 60 கி.மீ.யில் ‘ஊங்’ என்ற சத்தம் வருவது இதனால். வேகம் குறையும்போது ஹேண்டில் நடுங்கினால் டயரை மட்டும் குற்றம் சொல்லாமல் கோன் செட்டையும் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், அது தளர்ந்திருந்தால் டக் டக் என்று கைக்குத் தெரியும்.

ஜூன் 15

நேற்றையதில் ஒன்று விட்டுப்போனது. அப்படியானால் முன், பின் இரண்டையும் எப்போதும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? வேண்டாம். பின் டயர் முன் டயரைவிடச் சீக்கிரம் தேய்வது இயல்பு. பின்னுக்குப் புதுசு, முன்னுக்குப் பாதி தேய்ந்தது என்பது பரவாயில்லை, முன் டயர் உருண்டையாக, ரம்பம் இல்லாமல் இருந்தால். மழைக்காலத்தில் பள்ளத்தின் ஆழம் 2 மி.மீ.க்குக் கீழே போன டயரோடு மலை ஏற வேண்டாம்.

ஜூன் 18, இரவு

காற்று. இரண்டு வகை டயர் போட்டால் காற்றை எப்படி வைப்பது என்பதுதான் இங்கே அதிகம் வந்த கேள்வி.

தாரில் வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள அளவே ஆரம்பம். டயர் மாறியதற்காக அதை மாற்ற வேண்டாம். பட்டன் டயரில் கைப்பிடி நெளிவு அதிகமாகத் தெரிந்தால் முன்னுக்கு 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. கூட்டிப் பாருங்கள். ஜீப் ரோட்டில் டியூப் உள்ள 21 அங்குல சக்கரத்துக்கு முன் 22, பின் 24 வரை இறக்கலாம். 20க்குக் கீழே இறக்கினால் கருங்கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். அலாய் ரிம் என்றால் 24க்குக் கீழே வேண்டாம். டியூப் போனால் ஒட்டலாம், அலாய் விரிசல் விட்டால் வண்டியை ஜீப்பில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

"போடியில் காற்று பிடித்து மூணாறு போனால் அளவு மாறுமா?" நல்ல கேள்வி. ஏறக்குறைய 1,150 மீட்டர் ஏறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 1.8 பி.எஸ்.ஐ. அளவு கூடுதலாகக் காட்டும். மேலே 10 டிகிரி குளிர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி 1.4 அளவு குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மேலே போய்ச் சூடான டயரில் கேஜ் வைத்துப் பார்த்து, கூட இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டுக் கீழே வருவதுதான் தப்பு. காலையில், வண்டி நகரும்முன், அதே கேஜில் பாருங்கள்.

ஜூன் 22

மாட்டும் வேலை. நல்ல ஜோடி வாங்கி மோசமாக மாட்டினால் பழி டயருக்குப் போகும்.

21 அங்குல முன் டயர் ஒல்லியானது, ரிம்மில் முழுதாக உட்காராமல் ஓர் இடத்தில் அமுங்கி நிற்கும். டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டி, மெல்லிய வரம்பு ஒன்று வட்டமாக ஓடும். சக்கரத்தைச் சுழற்றி, அந்த வரம்புக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் வரம்பு ரிம்முக்குள் மறைந்தால், காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் விட்டு, டயரில் எழுதியிருக்கும் உச்ச வரம்பைத் தாண்டாமல் மறுபடி ஏற்றினால் ‘டப்’ என்று உட்காரும். அப்படியே விட்டால் 60இல் சக்கரம் குதிக்கும். அதைத்தான் பலர் "கம்பெனி மாறினதால ஆடுது" என்கிறார்கள்.

பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வையுங்கள். டியூப் வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்க வேண்டாம், மேலே மூடியோடு ஒட்டி நிறுத்துங்கள். காற்று குறைந்த டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கியிருந்தால் வால்வு வேரோடு கிழியும்.

அம்புக்குறி: சில டயர்களில் முன்னுக்கு ஒரு அம்பும் பின்னுக்கு எதிர்த் திசையில் ஒரு அம்பும் இருக்கும். முன் டயருக்கு வருவது பிரேக் இழுப்பு, பின் டயருக்கு வருவது என்ஜின் தள்ளல். திசை எதிரெதிர். ரப்பர் ஒட்டின தையலும் கட்டையின் சாய்வும் அதற்கேற்ப. மாற்றி மாட்டினால் கட்டைகள் வேகமாகக் கிழியும்.

பின் சக்கரம் கழற்றி மாட்டியபின் செயின் தளர்வு, ஏ.பி.எஸ். சென்சார் இடைவெளி இரண்டையும் பார்த்து, பிரேக் பெடலை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். முதல் 150 கி.மீ. சாயாமல், இறுக்கிப் பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு அதற்குள் போய்விடும். இதை மழையில் செய்ய வேண்டியிருந்தால் இன்னும் நிதானம்.

ஜூன் 23

யாரோ ரப்பரைப் பற்றி இழுத்தார்கள். நம் எல்லைக்கு அந்தப் பக்கம் கோட்டயம் முழுக்க ரப்பர் தோட்டம். வடவாத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை, சாலக்குடி பக்கம் பேராம்பிராவில் அப்பல்லோ ஆலை. மரத்துப் பால் ரப்பர் கிழிசலைத் தாங்கும், சூட்டைக் குறைக்கும். ஈரப் பிடிப்பு கூடுவது அதோடு சேரும் செயற்கை ரப்பராலும் சிலிக்காவாலும். கரி மட்டும் சேர்த்த கலவை நன்றாக உழைக்கும், குளிர்ந்த ஈர ரோட்டில் விறைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் பூப்பாறை ரோட்டில் டயர் சூடேறாமலே வளைவு வந்துவிடும். அங்கே இந்த வித்தியாசம் தெரியும்.

ஜூன் 27. கூடலூர் தம்பி அளந்து அனுப்பியதற்கு

முன் டயரில் நடுவே 4 மி.மீ. இருக்கிறது, ரம்பம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புத் தேதி எண் 1518 என்கிறீர்களே, அது 2018ஆம் வருஷம் 15ஆவது வாரம். ஏழு வருஷம். 5 வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள், 10 கடைசி எல்லை. கட்டையின் வேரில், பள்ளத்தின் அடியில், கட்டை விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள். மயிர்க்கோடு போல் விரிசல் தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த ரப்பர் விறைத்துவிட்டது. நீங்கள் அனுப்பிய விவரத்தில் "நகம் இறங்கவில்லை" என்பதும் அதையே சொல்கிறது. முன்னையும் மாற்றுங்கள்.

குமுளி தினமும், மழை இப்போது. முன் 90/90-21, 54. பின் 120/90-17, 64. இரண்டும் நைலான், இரண்டும் 80/20 பக்கம். வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும் சரி, முதுகைத் தடவிப் பார்த்து ஒத்துப்போனால் போதும். டியூப்பும் ரிம் பட்டியும் (ஸ்போக் நுனி டியூப்பைக் குத்தாமல் காப்பது) புதிதாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மறுபடி மழை இருக்கிறது, அது முடியும்வரை முன் டயரில் கை வைக்க வேண்டாம். தைக்கு மேல், ஜீப் ரோடு காய்ந்ததும், முன்னுக்கு மட்டும் இ-07 மாதிரி ஒரு படி முரடாகப் போடுங்கள். கழற்றிய முன் டயரைக் காற்றில்லாமல், படுக்கப் போடாமல், வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். அடுத்த வைகாசிக்கு அதுவே திரும்ப உதவும்.

மாட்டி 150 கி.மீ. ஆனதும் ஸ்போக்குகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் சரி, ‘டப்’ என்றால் தளர்ந்திருக்கிறது. அதை மட்டும் கால் சுற்று இறுக்கிவிட்டு, சக்கரம் நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.